மருந்து என்ற சொல்லும் திரவியம் அண்ணாச்சியும்

திரவியம் அண்ணாச்சியின் தம்பி செல்வம் கூப்பிட்டபோது நான் விருதுநகர் பஜாரில் ஒரு எண்ணெய்க் கடை வாசலில் நின்றிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில், தீக்காயப் பிரிவின் வராந்தாவிலிருந்து பேசினார். "அண்ணன் போயிட்டாக" என்றார். பழக்கதோஷத்தில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விடியக்கருக்கலில் என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நர்ஸிடம் எதையோ மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் கடைக்காரர் எனக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். என்ன வாங்கப் போனேன் என்பது எனக்கு நினைவில்லை.

மறுநாள் நாளிதழ்களில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. வெடிவீச்சில் காயமடைந்த சிவகாசி அச்சக உரிமையாளர் சிகிச்சை பலனின்றி இறந்தார் என்று. தவறு ஏதுமில்லை. விபத்தும் குற்றமும் எழுதியே தலை நரைத்த நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் ஒரு சினிமா விமர்சனத்துக்காகச் செத்தவர். அதை அத்தனை சின்னச் செய்தியில் சொல்ல முடியாது.

திரவியம் அண்ணாச்சியின் குடும்பத்துக்கு ஆப்செட் அச்சகம் தொழில். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், சினிமா போஸ்டர் எல்லாம் அடிப்பார்கள். இயந்திரங்களைத் தம்பி செல்வம் பார்த்துக்கொண்டார். ஆர்டர் பிடிப்பதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அண்ணாச்சியின் பொறுப்பு. எங்கள் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சினிமா விமர்சனம் எழுதியவரும் அவரே. எங்கள் வாசகர்களில் பலர் பத்திரிகையைப் பின்பக்கமிருந்து பிரிப்பார்கள். என் செய்திகள் அவர்களுக்கு இரண்டாம்பட்சம்தான்.

அவரை நான் முதலில் பார்த்தது வெம்பக்கோட்டைப் பக்கம் நடந்த ஒரு வெடிவிபத்தில். லேபிள் லோடு இறக்க அச்சக வேனில் வந்தவர் சத்தம் கேட்டு வண்டியை அங்கே திருப்பியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வரவில்லை. வேனிலேயே லேபிள் தாள்களை விரித்து, காயம்பட்டவர்களை அதன் மேல் கிடத்திச் சிவகாசிக்குக் கொண்டுபோனார். கிளிப்படம் போட்ட தாள்கள். ஆஸ்பத்திரியில் இறக்கியபோது ஒரு பெண்ணின் முதுகில் அந்தத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. தோலோடுதான் உரிக்க முடிந்தது. அந்த அம்மாள் பிழைக்கவில்லை. கிளிப்படத்தை அதன் பிறகு அவர் அச்சகத்தில் அடிக்க விடவில்லை.

சில மாதம் கழித்து இருவரும் ஒரு படத்துக்குப் போனோம். வில்லனின் குடோன் வெடித்து, ஆட்கள் மெதுவாகக் காற்றில் மிதந்தார்கள். அரங்கம் விசிலடித்தது. அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தப்பா வெடிக்கான்யா" என்றார். பிறகு சொன்னார்: "வெடிச்சா முதல்ல சத்தமே கேக்காது. காது அடைச்சிரும். பெறகு எங்கிட்டோ ஒரு ஆளு, பேர் சொல்லிக் கூப்பிடுறது கேக்கும். அதக் காட்டச் சொல்லு பாப்போம்."

அதையே எழுதித் தாருங்கள் என்றேன். அதுதான் அவருடைய முதல் விமர்சனம். முழுக்க அந்த ஒரு வெடியைப் பற்றியே எழுதியிருந்தார். கதாநாயகனின் பெயர்கூட அதில் இல்லை. அதற்காகவே ரசிகர் மன்றத்துக்காரர் ஒருவர் பரோட்டாக் கடையில் வைத்து அவரை அறைந்தார். அடுத்த வாரம் அண்ணாச்சி அந்த அறையைப் பற்றி எழுதினார். படத்தில் அறை பட்டாசு மாதிரிக் கேட்கிறது, தனக்கு விழுந்தது ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி இருந்தது, ஒலிப்பதிவாளர்கள் கவனிக்க வேண்டும் என்று. அறைந்தவர் பிற்பாடு தம் கல்யாணப் பத்திரிகையை அடிக்க அதே அச்சகத்துக்குத்தான் வந்தார். அதில் மணமகளின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தவர் அண்ணாச்சி.

எந்தப் படத்தையும் அவர் இரண்டு தடவை பார்ப்பார். முதல் தடவை எல்லாரையும் போல. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை கேட்க மட்டும் செய்வார். டார்ச் அடிக்கும் பையன்களுக்கு அது பெரிய வேடிக்கை. "என்ன அண்ணாச்சி, ஏசிக்குத் தூங்க வந்தீகளா?" என்பார்கள். "ஆமாலே, பாட்டு வந்தா எழுப்பிவிடு" என்பார். எனக்கு மட்டும் காரணம் சொன்னார்: "கண்ணு சீக்கிரம் நம்பிரும். காது லேசுல நம்பாது."

இனி அந்தப் படம். அதன் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நானும் ஒரு போஸ்டர் ஒட்டியவனாவேன். பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனும் பெண்ணும். அவளை யாரோ பின்தொடர்கிறார்கள். அவள் நாயைக் கொல்கிறார்கள், சைக்கிளை எரிக்கிறார்கள். யார் என்பதுதான் சஸ்பென்ஸ். அத்தனையும் செய்தது அந்தப் பையனே, அவள் பயந்து தன்னிடம் வர வேண்டும் என்பதற்காக என்று கடைசியில் தெரிகிறது. தெரிந்த பிறகும் அவள் அவனை ஏற்றுக்கொள்கிறாள். படம் முடிகிறது.

சென்னையில் எழுதியவர்கள் கொண்டாடினார்கள். பருவக் காதலின் இருட்டை இத்தனை அழகாகச் சொன்ன படம் இல்லை என்றார்கள். குறிப்பாக ஒரு வசனத்தை எல்லாரும் எடுத்துக் காட்டினார்கள். அவள் பேசமாட்டேன் என்று சொன்ன பிறகு, அவன் போனில் தணிந்த குரலில் சொல்கிறான்: "உனக்குன்னு மருந்து வச்சிருக்கேன்." பின்னால் ஒற்றை வயலின். காதல் நோய்க்குக் காதலனே மருந்து என்று ஒருவர் பொருள் எழுதினார். பழைய அகப்பாடல்களின் சாயல் என்றார் இன்னொருவர்.

எங்கள் பகுதியில் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்கு மாத்திரை போடுவோம், ஊசி போடுவோம். மருந்து என்று சொல்லமாட்டோம். "எங்கப்பா மருந்துல நிக்காக" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளை சொன்னால் ஆசிரியருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. படமும் இங்கேதான் எடுக்கப்பட்டது. தாயில்பட்டி ரோடு தெரிகிறது, வெம்பக்கோட்டை அணைக்கட்டு தெரிகிறது. அப்படியிருந்தும் நாங்கள் அத்தனை பேரும் அந்த வசனத்துக்கு விசிலடித்தோம். சினிமாவில் பேசுகிற தமிழை எங்கள் தமிழாகக் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. ஆட்டோவுக்குப் பின்னால் அதை எழுதினார்கள். பையன்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள், பெண்பிள்ளைகளும் வைத்தார்கள். படத்தின் போஸ்டரில் கதாநாயகியின் முகத்துக்குக் கீழே சிவப்பில் அந்த வரிதான். அடித்தது அண்ணாச்சி குடும்பத்தின் அச்சகம்.

அண்ணாச்சி முதல் தடவை பார்த்துவிட்டு, பரவாயில்லை, விறுவிறுப்பாக இருக்கிறது என்றார். இரண்டாம் தடவை இடைவேளையிலேயே எனக்குப் போன் செய்தார். அவர் விமர்சனத்திலிருந்து ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

"சென்னைக்காரர்கள் மருந்து என்றால் உடம்புக்குத் தருவது என்று நினைத்திருக்கலாம். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் நமக்கு என்ன வந்தது? உனக்கு மருந்து வைத்திருக்கிறேன் என்று நம்மூரில் ஒருவன் சொன்னால், அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவள் அப்பா தெருவுக்கு வர வேண்டும். நாம் வயலினைக் கேட்டுக்கொண்டு வார்த்தையை விட்டுவிட்டோம். இது காதல் படம் இல்லை. ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறவனின் படம்."

பத்திரிகை கடைக்கு வந்த அன்று செல்வம் அண்ணனோடு சண்டை போட்டார். நம்ம மிஷினில் அடித்த போஸ்டரை நீங்களே கிழித்தால் எப்படி என்று கேட்டிருக்கிறார். "நீ அடிச்சது போஸ்டர். நான் அடிச்சது அதுக்குப் பிழைதிருத்தம்" என்றாராம் அண்ணாச்சி. அன்று வீட்டில் இருவரும் ஒரே பந்தியில் சாப்பிடவில்லை.

நம்ம ஊருப் படத்தை நம்ம ஊர்க்காரனே கெடுக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. அவருடைய புகைப்படத்தைப் போட்டு, கீழே "உனக்கும் மருந்து வச்சிருக்கோம் அண்ணாச்சி" என்று எழுதிப் போனில் சுற்றில் விட்டார்கள். அண்ணாச்சி அதை என்னிடம் காட்டி, இவர்களுக்காவது அர்த்தம் தெரிந்திருக்கிறது என்று சிரித்தார். மூன்றாம் நாள் தியேட்டருக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பைக்கில் வந்தவர்கள் அவரை ஹெல்மெட்டால் அடித்தார்கள். முதல் அடியில் முன்பற்கள் போயின. கீழே விழுந்த பிறகு ஒருவன் தோளில் ஏறி மிதித்தான். கழுத்துப்பட்டை எலும்பு ஒடிந்தது. டீக்கடையில் இருந்த யாரும் எழவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய சட்டையின் முன்பக்கம் முழுவதும் ரத்தமும் டீயும் கலந்து காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை விநியோகஸ்தரின் ஆள் பழக்கூடையோடு வந்தார். மரியாதையாகவே பேசினார். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சும்மா இரண்டு வரி எழுதினால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்றார். செல்வமும் அதையே சொன்னார். அண்ணாச்சியின் மனைவி, நான் மதினி என்று அழைக்கும் அம்மாள், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். வாய்க்குள் தையல் போட்டிருந்ததால் பாதி வெளியே வழிந்தது. அண்ணாச்சி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த ஆள் போன பிறகு என்னைப் பார்த்து, "ஒரு வார்த்தைக்காக இம்புட்டும் தேவைதானா?" என்று கேட்டார். அது தன்னையே கேட்ட கேள்வி. எழுதிக் கொடுத்துவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது.

பகலில், வெம்பக்கோட்டையை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து அவரைத் தேடி ஒரு தாய் வந்தார். சம்சாரி, அதாவது விவசாயி வீட்டுப் பெண். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அந்தப் பிள்ளையின் பெயரையோ பையனின் பெயரையோ எழுத எனக்கு உரிமையில்லை. சில மாதம் இருவரும் பேசிப் பழகியிருக்கிறார்கள். பிறகு அவள் விலகினாள். அவன் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கையை முறுக்கியதில் வளையல் உடைந்து மணிக்கட்டில் தையல் விழுந்தது. அதன் பின்னும் அவள் அவனோடு பேசவில்லை. இரண்டு நாள் முன்பு அவள் போனுக்கு அந்த வசனத்தை அனுப்பியிருந்தான்.

அந்த அம்மாள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார். "ஸ்டேஷன்ல காட்டுனேன்யா. சினிமா வசனம்மா, வீட்டுக்குப் போங்கன்னுட்டாக. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்றாரு. நீங்க எழுதுனது தப்புன்னு ஒத்துக்கிடப் போறீகளாமே? தப்புன்னா இப்பவே சொல்லிருங்க. நான் போயி நிம்மதியாத் தூங்குவேன்."

அந்தப் பையனுக்கு மருந்து கைக்கு எட்டுமா என்று மட்டும் அண்ணாச்சி கேட்டார். அவன் சித்தப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், பையன் அங்கே போய்வருகிறவன் என்றார் அந்த அம்மாள்.

"நான் எழுதுனது மெய்தாம்மா. பிள்ளைய இன்னைக்கே அங்கன இருந்து கிளப்புங்க" என்றார் அண்ணாச்சி. பிறகு செல்வத்திடம், "அந்தாளுகிட்டச் சொல்லிரு. வாபஸ் கிடையாது" என்றார்.

கிளப்புவது அத்தனை எளிதாக இல்லை. காரியாபட்டியில் பெண்ணின் அத்தை வீடு இருக்கிறது. ஆனால் பரீட்சை நேரத்தில் பிள்ளையை ஒளித்துவைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று தகப்பனார் தடுக்கிறாராம். தான் வந்து பேசுவதாக அண்ணாச்சி சொன்னார். டாக்டர் திட்டினார், மதினி அழுதார். தோளில் கட்டோடு என் காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்த ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் அவர் முன்பல் இல்லாத வாயை இறுக்கிக்கொண்டதைப் பார்த்தபடியே ஓட்டினேன்.

தகப்பனார் முற்றத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார். விவசாயம் இல்லாத மாதங்களில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், இறங்கிவர மட்டும் மறுத்தார். "விடலப் பய. படத்தப் பாத்துட்டு அனுப்பியிருக்கான். அதுக்குப் போயி படிக்கிற பிள்ளைய ஊரவிட்டு அனுப்புனா, ஏதோ நடந்திருக்குன்னுல்ல பேசுவாக?"

அண்ணாச்சி வாதாடவில்லை. "ஒரே ஒரு உதவி செய்யுங்க. அந்த வார்த்தைய நீங்க உங்க வாயால ஒருக்கச் சொல்லுங்க. படத்துல சொல்ற மாதிரி வேண்டாம். கம்பெனியில பக்கத்து ஆளுகிட்டப் பேசுற மாதிரிச் சொல்லுங்க."

தகப்பனார் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். "உனக்குன்னு மருந்து..." என்றவர் அங்கேயே நின்றார். மீதியைச் சொல்லவில்லை. கையிலிருந்த சோளத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் பார்த்து, "ஏட்டி, துணிமணிய எடுத்து வையி" என்றார்.

தாயையும் மகளையும் என் காரிலேயே காரியாபட்டிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அண்ணாச்சியால் எழுந்து நிற்க முடியவில்லை. வலியில் வேர்த்துக் கொட்டியது. இன்னொரு தடவை அந்த ரோட்டில் வந்தால் எலும்பு வெளியே வந்துவிடும், கொஞ்சம் படுத்துவிட்டு செல்வத்தை வரச்சொல்லிப் போகிறேன் என்றார். அந்த வீட்டில் மின்காற்றாடி இருந்தது ஒரே அறையில்தான். அது பிள்ளை படிக்கும் அறை. தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே கட்டில். அதில் அவரைப் படுக்கவைத்தார்கள். காரில் ஏறும்வரை அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அண்ணாச்சி அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "பரீட்சைய விட்டுராத தாயி. அங்கன உக்காந்து படி."

விருதுநகரைத் தாண்டியபோது போன் வந்தது. பேசியது தகப்பனார். வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. அலறல் மட்டும் கேட்டது. காரில் இருந்த இருவருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. அவர்களை இறக்கிவிட்டுத்தான் திரும்பினேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஜன்னல் கம்பிகள் வளைந்திருந்தன. சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கரி. கட்டிலின் தலைமாடு இல்லை. பாடப் புத்தகங்கள் எரிந்து தண்ணீரில் ஊறிக் கிடந்தன. தாள்களுக்கு நடுவே பிய்ந்த கட்டுத்துணி. பையன் பைக்கில் வந்து, உள்ளே ஆள் படுத்திருப்பது தெரிந்து, யார் என்று பார்க்காமலே மருந்துப் பொட்டலத்தை எறிந்திருக்கிறான். பொழுது சாயும் நேரம். அறையில் விளக்கு போடவில்லை. எறியத் தாமதித்ததால் அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. அணைக்கட்டுப் பக்கம் கருவேலங்காட்டில் ரத்தம் வடியக் கிடந்தவனைப் போலீஸ் பிடித்தது. சும்மா பயம் காட்டத்தான் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் பதினேழு வயதுதான்.

படம்தான் காரணம் என்று நான் எழுதமாட்டேன். அண்ணாச்சியும் எழுதியிருக்கமாட்டார். பிள்ளை விலகியதைப் பொறுக்காதவன் அவன். மருந்தும் எங்கள் ஊரில் உள்ளதுதான். படம் செய்தது, அவன் சொன்னதை நாங்கள் யாரும் கேட்காதபடி ஆக்கியதுதான்.

மதுரையில் அவரைப் பார்த்தேன். முகத்திலும் மார்பிலும் கட்டு. இரண்டு செவிப்பறைகளும் கிழிந்திருந்தன. தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திப் பேசினார். "பிள்ள எங்க?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அட்டையில் பெரிய எழுத்தில் காரியாபட்டி என்று எழுதிக் காட்டினேன். பரீட்சை எழுதினாளா என்று கேட்டார். எழுதுகிறாள் என்று எழுதினேன். அதற்குப் பிறகு என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் நடந்தது பற்றி அந்தத் தகப்பனார் என்னிடம் சொன்னார்: புகைக்குள் போய், அண்ணாச்சி, அண்ணாச்சி என்று தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாகவும், அவர் கண் திறந்திருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும்.

சென்னையிலிருந்து இப்போது விமர்சகர்கள் போன் செய்கிறார்கள். ஒருவர் தம் பழைய விமர்சனத்தைத் திருத்தி எழுதப்போவதாகச் சொன்னார். நல்லது என்றேன்.

தகனம் முடிந்த மறுநாள் அந்தப் பெண் வந்தாள். இப்போது வேண்டாம், பேச்சு அடங்கட்டும் என்று வீட்டார் தடுத்திருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. பட்டப்பகலில் தாயோடு காரியாபட்டியிலிருந்து பஸ் ஏறி, சிவகாசியில் இறங்கி, பஜார் வழியாக நடந்தே வந்தாள். தெருவில் போட்டிருந்த சாமியானாவுக்குக் கீழே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சிக்குச் சொந்தக்காரர் ஒருவர், இவளால்தான் எல்லாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அவள் காதிலும் விழுந்தது. நின்றாள்.

செல்வம் எழுந்து அவரிடம் போனார். "மாமா, எந்திரிங்க. பிள்ள உக்காரட்டும்" என்றார். அவர் எழுந்தார்.

அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. உள்ளே போனாள். கூடத்தில் இருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மதினி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, மணிக்கட்டில் இருந்த தழும்பை விரலால் தடவினார். பிறகு மதினி கேட்டார்: "சாப்பிட்டியா தாயி?"

இல்லையென்று தலையாட்டினாள். நாள் கணக்காக உட்கார்ந்த இடத்திலேயே இருந்த மதினி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். இலை போட்டுச் சோறு வைத்தார். முதலில் குனிந்தே இருந்த பிள்ளை, பசி தாங்காமல் பெரிய பெரிய கவளமாக எடுத்துச் சாப்பிட்டாள். நாங்கள் வாசலிலிருந்து பார்த்தோம்.

அண்ணாச்சி, பிள்ளை சாப்பிட்டுவிட்டாள். நீங்கள் போய் வாருங்கள்.